எடிட்டர் என்பவர் என்ன செய்கிறார்? கார்மல் ஸ்னோவை வைத்து ஒரு விளக்கம்

ஒரு ஃபேஷன் இதழைப் புரட்டினால் ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் பொடி எழுத்தில் பெயர்கள் இருக்கும். உடையை வடிவமைத்தவர், படம் எடுத்தவர், சில சமயம் தலை வாரிவிட்டவர் பெயர் வரை போட்டிருப்பார்கள். எடிட்டரின் பெயர் மட்டும் முன்பக்கம் ஒன்றில், ஒரு பட்டியலின் தலையில் தனியாக நிற்கும். அவர் துணி வெட்டியதில்லை, கேமராவைத் தொட்டதில்லை. அந்த இதழில் ஒரு பத்தி எழுதியிருந்தாலே பெரிது. அப்படியானால் அவர் செய்ததுதான் என்ன?

தமிழில் இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. நூல் எழுதியவரும் ஆசிரியர், பாடம் நடத்துபவரும் ஆசிரியர், பத்திரிகையை நடத்துபவரும் ஆசிரியர். அதனால் பத்திரிகை ஆசிரியர் என்றதும், உள்ளே இருப்பதையெல்லாம் அவரே எழுதுகிறார் என்று தோன்றிவிடுகிறது. இந்தக் கட்டுரையில் எடிட்டர் என்றே சொல்கிறேன்.

எடிட்டரின் வேலை தேர்ந்தெடுப்பது. இந்தப் பருவத்தில் வந்த நூற்றுக்கணக்கான உடைகளில் எவை பக்கத்துக்கு வர வேண்டும், அவற்றை யார் படம் எடுக்க வேண்டும், அந்தப் படத்துக்கு எவ்வளவு இடம், அதற்கு எதிர்ப்பக்கத்தில் என்ன என்று நாள் முழுக்க முடிவெடுத்துக்கொண்டே இருப்பவர் அவர். இவற்றோடு இன்னொன்றும் உண்டு: ஒருவரை நம்பி வேலையைக் கொடுத்த பிறகு எங்கே தலையிடாமல் இருப்பது என்று தெரிந்திருப்பது. என்னைக் கேட்டால் இதுதான் இந்த வேலையின் உயிர். கார்மல் ஸ்னோவின் வாழ்க்கையைப் பார்த்தால் இது தெளிவாகப் புரியும். நியூயார்க்கிலிருந்து வெளிவந்த ஹார்ப்பர்ஸ் பஜார் இதழுக்கு 1934 முதல் 1957 வரை எடிட்டராக இருந்தவர் அவர். இன்று ஃபேஷன் இதழ் என்றதும் மனதில் வரும் தோற்றத்தில் பாதிக்கு மேல் அந்த 23 வருடங்களில் உருவானது.

தையல் கடையில் கிடைத்த படிப்பு

கார்மல் ஒயிட் 1887இல் அயர்லாந்தில், டப்ளினை அடுத்த டால்கியில் பிறந்தார். அப்பா பீட்டர் ஒயிட் ஐரிஷ் கம்பளித் துணி ஏற்றுமதியில் இருந்தவர். 1893இல் சிகாகோவில் நடக்கவிருந்த உலகப் பொருட்காட்சியில் ஓர் ஐரிஷ் கிராமத்தை அமைக்கும் பணியில் இருந்தபோது, காட்சி தொடங்கும் முன்பே இறந்துபோனார். கணவர் விட்டுப்போன வேலையை முடிக்க அம்மா அமெரிக்கா போனார். பிறகு நியூயார்க்கில் ஓர் உடை தயாரிப்பு நிறுவனத்தை ஏற்று நடத்தினார். பாரிஸிலிருந்து மாடல் உடைகளை வாங்கி வந்து, அவற்றைப் பார்த்துத் தைத்து, நியூயார்க்கின் வசதியான பெண்களுக்கு விற்பது அன்று அங்கே பெரிய வியாபாரம். கார்மல் வளர்ந்தது அந்தக் கடையில்தான்.

எடிட்டருக்கு ‘நல்ல கண்’ வேண்டும் என்பார்கள். பிறவியிலேயே வருவது போல அதைச் சொல்வதுண்டு. கார்மலுக்கு அது துணிக்கு நடுவில் வந்தது. தோள்பட்டைத் தையல் எங்கே உட்கார வேண்டும், பாவாடையின் அடிமடிப்பு எவ்வளவு கனம் தாங்கும், பார்க்க எளிமையாக இருக்கும் ஒரு கோட்டுக்குள் எத்தனை பேருடைய கைவேலை இருக்கிறது என்பதையெல்லாம் அங்கே பார்த்துப் பார்த்தே பழகினார். பின்னாளில் பாரிஸ் ஃபேஷன் காட்சிகளில் முன்வரிசையில் உட்கார்ந்து, கண்ணெதிரே கடந்துபோகும் ஓர் உடையைச் சில நொடிகளில் எடைபோட முடிந்ததற்கு அந்தக் கடைதான் காரணம் என்று நினைக்கிறேன்.

முதல் உலகப் போரின்போது பாரிஸில் செஞ்சிலுவைச் சங்கத்தில் பணியாற்றினார். பத்திரிகைக்குள் நுழைந்தது 1921இல், முப்பது வயது தாண்டி சில வருடங்கள் ஆன பிறகு. சேர்ந்த இடம் வோக்.

அன்று வோக் இதழின் எடிட்டர் எட்னா உல்மன் சேஸ். 1895இல் பதின்வயதுப் பெண்ணாக, கடித உறைகளில் முகவரி எழுதும் வேலைக்கு வந்து, 1914இல் எடிட்டரானவர். அந்த வருடமே போர் வெடித்தது. பாரிஸிலிருந்து புது உடைகள் வராவிட்டால் இதழில் எதைப் போடுவது என்ற கேள்வி எழுந்தது. சேஸ் நியூயார்க்கின் உடை தயாரிப்பாளர்களைக் கூட்டி, அவர்கள் தைத்த உடைகளை மாடல்கள் அணிந்து நடந்துகாட்டும் ஒரு விழாவை நடத்தினார். போரில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு நிதி திரட்டுவதற்காக என்று அறிவித்ததால் ஊரின் பெரிய மனிதர்களின் மனைவிமாரும் ஆதரவு தந்தார்கள். இதழுக்கும் பக்கங்கள் கிடைத்தன. செய்தி இல்லாத இடத்தில் செய்தியை உண்டாக்குவதும் எடிட்டர் வேலைதான் என்பதைக் கார்மல் இப்படிப்பட்ட ஒருவரிடம் கற்றார்.

பத்திரிகையின் உரிமையாளர் கோன்டே நாஸ்ட். இங்கே பணக் கணக்கைப் புரிந்துகொள்வது நல்லது. இதுபோன்ற இதழ்கள் பிரதியை விற்ற காசில் ஓடுவதில்லை, விளம்பரத்தில் ஓடுகின்றன. வாசகர் எண்ணிக்கை பெரிதாக இருக்க வேண்டும் என்பதைவிட, செலவு செய்யக்கூடிய வாசகர்கள் இருக்க வேண்டும் என்பதில்தான் நாஸ்ட் கவனமாக இருந்தார். அந்த வாசகர்களைப் பிடித்து வைத்திருப்பது எடிட்டரின் பொறுப்பு. உரிமையாளர், விளம்பரதாரர், வாசகர் ஆகிய மூன்று பேரும் மூன்று பக்கம் இழுப்பார்கள். எடிட்டர் நடுவில் நின்று, தன் ரசனையையும் விட்டுக்கொடுக்காமல் பக்கங்களை நிரப்ப வேண்டும்.

கார்மல் வேகமாக மேலே வந்தார். 1926இல் வோக் இதழின் ஃபேஷன் எடிட்டர். அதே வருடம் ஜார்ஜ் பேலன் ஸ்னோவை மணந்து கார்மல் ஸ்னோ ஆனார். 1929இல் வோக் அமெரிக்கப் பதிப்பின் எடிட்டர், ஆனால் அவருக்கு மேலே சேஸ் இருந்தார். சேஸுக்கு அடுத்து இவர்தான் என்று எல்லோரும் நினைத்திருந்த நேரத்தில், 1932இல் வோக்கை விட்டுவிட்டு, பத்திரிகை அதிபர் வில்லியம் ரேண்டால்ஃப் ஹெர்ஸ்டின் ஹார்ப்பர்ஸ் பஜாருக்குப் போய்விட்டார். நேர்ப் போட்டி இதழ் அது. நாஸ்ட் அதைத் துரோகமாகவே எடுத்துக்கொண்டார். சாகும்வரை அவரிடம் பேசவில்லை.

ஏன் போனார்? சேஸின் நிழலில் இருந்தவரை இதழின் கடைசி வார்த்தை அவருடையதாக இருக்கவில்லை. அப்புறம், பஜார் அப்போது தளர்ந்து கிடந்தது. 1867இல் தொடங்கிய பழைய இதழ் அது. தளர்ந்த இதழில் மாற்றம் செய்ய இடம் அதிகம்.

கடற்கரையில் ஓடிய பெண்

பஜாரில் அவர் முதலில் ஃபேஷன் எடிட்டர்தான். இரண்டு பதவிக்கும் உள்ள வித்தியாசத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். உடைகளைத் தேர்ந்தெடுத்து, எந்த மாடல் எதை அணிவது, எந்தத் தொப்பி, எந்தக் கையுறை என்று முடிவுசெய்து, படப்பிடிப்பில் கூடவே நிற்பவர் ஃபேஷன் எடிட்டர். அட்டை முதல் கடைசிப் பக்கம் வரை எல்லாவற்றுக்கும் பொறுப்பேற்பவர் எடிட்டர். ஸ்னோ 1934இல்தான் எடிட்டரானார். ஆனால் அவர் யார் என்று காட்டிய காரியம் அதற்கு முந்தைய வருடமே நடந்துவிட்டது.

அதுவரை ஃபேஷன் படம் என்றால் ஸ்டூடியோ. பெரிய கேமரா, வரைந்த திரை, கவனமாக வைத்த விளக்கு. அசையாமல் நிற்கும் பெண், சிலைபோல. படங்கள் அழகாகவே இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் அந்த உடையைப் போட்டுக்கொண்டு ஒருத்தி நடந்தால் எப்படி இருக்கும் என்பது படத்திலிருந்து தெரியாது.

1933இன் பிற்பகுதியில் குளிர்கால விடுமுறைக்கான நீச்சல் உடைகளை இதழில் போட வேண்டியிருந்தது. ஸ்டூடியோவில் எடுத்த படங்கள் ஸ்னோவுக்குப் பிடிக்கவில்லை. அந்தச் சமயம் மார்ட்டின் முன்காச்சி என்ற ஹங்கேரியப் புகைப்படக்காரர் நியூயார்க் வந்திருந்தார். விளையாட்டுப் போட்டிகளைப் படம் பிடித்துப் பெயர் வாங்கியவர், பெர்லினில் செய்திப் பத்திரிகைக்கு வேலை செய்தவர். ஃபேஷனுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. ஸ்னோ அவரைக் கூப்பிட்டார். லாங் ஐலண்ட் கடற்கரைக்குப் போகலாம் என்றார். நவம்பர் மாதம், வெயில் இல்லை, காற்று குளிர். மாடல் லூசில் புரோக்கா. முன்காச்சிக்கு ஆங்கிலம் ஒரு வார்த்தைகூட வராது. கையை ஆட்டி ஏதோ சொல்கிறார், யாருக்கும் பிடிபடவில்லை. பிறகுதான் புரிந்தது: அவள் தன்னை நோக்கி ஓடி வர வேண்டும் என்கிறார்!

அவள் ஓடினாள். அந்தப் படம் 1933 டிசம்பர் இதழில் வந்தது. அதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். நீச்சல் உடைமேல் போட்ட மேலங்கி காற்றில் பின்னால் பறக்கிறது. கால் ஒன்று முன்னால். உருவம் சற்றே கலங்கியிருக்கிறது. ஸ்டூடியோ வழக்கப்படி பார்த்தால் அது கழித்துப் போட வேண்டிய படம். ஆனால் அந்தக் கலக்கம்தான் அவள் ஓடுகிறாள் என்பதைச் சொல்கிறது. நீச்சல் உடை என்பது நின்று காட்டுவதற்கல்ல, போட்டுக்கொண்டு ஓடுவதற்கு என்பது பார்த்த உடனே புரிகிறது.

இதில் ஸ்னோ செய்ததைப் பிரித்துப் பார்த்தால் எடிட்டர் வேலை முழுவதும் அதற்குள் இருக்கிறது. கையில் வந்த படம் போதாது என்று சொன்னார். அந்தத் துறையிலேயே இல்லாத ஒருவரிடம் தனக்கு வேண்டியது இருக்கிறது என்று கண்டுகொண்டார். இடத்தை மாற்றினார். முன்காச்சி கேட்டது புதிதாக இருந்தபோது தடுக்காமல் விட்டார். கடைசியில், கலங்கிய படத்தை அச்சுக்கு அனுப்பும் தைரியமும் அவருக்கு இருந்தது. ஷட்டரை அழுத்தியது முன்காச்சி. ஆனால் ஸ்னோ இல்லாமல் அந்தப் படம் இல்லை.

தரையில் பரப்பிய பக்கங்கள்

எடிட்டரான 1934இலேயே நியூயார்க்கில் ஒரு வடிவமைப்புக் கண்காட்சிக்குப் போனார். அங்கே அலெக்ஸி புரோடோவிச்சின் வேலையைப் பார்த்தார். ரஷ்யாவிலிருந்து வெளியேறி, பாரிஸில் சுவரொட்டிகள் வடிவமைத்து, பிறகு அமெரிக்கா வந்து பிலடெல்பியாவில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர் அவர். பார்த்த வேகத்தில் அவரை ஆர்ட் டைரக்டராக வரும்படி அழைத்துவிட்டார். புரோடோவிச் 1958 வரை பஜாரில் இருந்தார்.

ஆர்ட் டைரக்டர் என்பவர் படங்களும் எழுத்தும் பக்கத்தில் எப்படி உட்கார வேண்டும் என்று தீர்மானிப்பவர். அதுவரை இதழ்களில் ஒவ்வொரு பக்கமும் தனித்தனிச் சட்டம் போட்ட படம் மாதிரி இருக்கும். நாலு பக்கமும் ஓரம் விட்டு, நடுவில் படம், கீழே விளக்கம். புரோடோவிச் எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டையும் ஒரே பரப்பாக எடுத்துக்கொண்டார். படத்தை ஓரம் வரைக்கும் ஓடவிட்டார். ஒரு பெண்ணின் உடல் வளைந்த பக்கமே எழுத்து வரிகளையும் வளைத்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, வெள்ளை இடம். ஒரு மூலையில் சிறிய உருவம், மீதி முழுக்க வெறும் தாள்.

புதிதாகப் பார்ப்பவர்களுக்கு வெள்ளை இடம் வீணாகத் தெரியும். ஆனால் அதே பக்கத்தை இரண்டு விதமாகக் கற்பனை செய்து பாருங்கள். ஆறு உடைகளை அடுக்கி வைத்த பக்கத்தில் கண் எங்கேயும் நிற்காமல் மேய்ந்துவிட்டுப் போகும். ஒரே உடை, சுற்றிலும் வெறுமை என்றால் கண் வேறெங்கும் போக முடியாது. அந்த வெறுமை அந்த உடைக்குக் கொடுத்த மரியாதை. ஆனால் அதற்கு விலை உண்டு. தாளுக்குக் காசு, அச்சுக்குக் காசு. அந்த இடத்தில் இன்னும் ஐந்து உடைகளைப் போட்டிருந்தால் இன்னும் ஐந்து தயாரிப்பாளர்கள் மகிழ்ந்திருப்பார்கள். பக்கத்தை வடிவமைத்தது புரோடோவிச் என்றாலும், அதை மேலிடத்திலும் விளம்பரதாரர்களிடமும் தாங்கிப் பேச வேண்டியவர் எடிட்டர்.

ஸ்னோவும் புரோடோவிச்சும் வேலை செய்த விதம் எனக்கு மிகவும் பிடித்தமானது. ஒரே படத்தைப் பல அளவுகளில் நகலெடுத்து வைத்துக்கொள்வார்கள். பக்கங்களைத் தரையில் வரிசையாகப் பரப்புவார்கள். அப்புறம் மேலிருந்து பார்ப்பார்கள். ஒன்றை எடுத்து நாலு பக்கம் தள்ளி வைப்பார்கள், பெரிய படத்துக்குப் பதில் சிறியதை வைப்பார்கள். கூட்டமான பக்கத்துக்கு அடுத்து அமைதியான பக்கம், நெருக்கமான முகத்துக்கு அடுத்து தூரத்து உருவம் என்று ஒரு தாளம் வரும்வரை இது நடக்கும். பாட்டில் எங்கே நிறுத்தி எங்கே எடுப்பது என்று பார்ப்பது போலத்தான். வாசகர் இதழைக் கையில் வாங்கிப் புரட்டும்போது அந்தத் தாளத்தைக் கவனிக்க மாட்டார். ஆனால் பாதியில் மூடி வைக்காமல் புரட்டிக்கொண்டே போவார்.

ஆள் பிடிக்கும் திறமை

1936இல் நியூயார்க்கில் ஒரு ஹோட்டலின் மொட்டை மாடியில் நடனம். வெள்ளை லேஸ் உடையும் தலையில் ரோஜாப் பூக்களுமாக ஆடிக்கொண்டிருந்த ஒரு பெண்ணை ஸ்னோ பார்த்தார். மறுநாளே கூப்பிட்டு வேலை தருகிறேன் என்றார். அந்தப் பெண் டயானா வ்ரீலண்ட். அவர் ஓர் அலுவலகத்தைக்கூட அதற்கு முன் கண்டதில்லை. உடை உடுத்தத் தெரிந்திருக்கிறதே, அது போதும் என்பதுதான் ஸ்னோவின் கணக்கு. வ்ரீலண்ட் முதலில் எழுதியது ‘நீங்கள் ஏன் இப்படிச் செய்து பார்க்கக் கூடாது?’ என்று கேட்கும் ஒரு பத்தி. மீந்துபோன ஷாம்பெயினில் உங்கள் பொன்னிற முடிக் குழந்தையின் தலையை அலசுங்களேன் என்பது போன்ற யோசனைகள். பொருளாதார மந்தத்தில் அமெரிக்கா தவித்துக்கொண்டிருந்த காலம் அது! இதைப் போட்டால் கோபம் வரும் என்று இன்னொரு எடிட்டர் பயந்திருப்பார். ஸ்னோ இப்படி ஒரு குரல் வேறு எங்கும் இல்லை என்று பார்த்தார். வ்ரீலண்ட் பிறகு ஃபேஷன் எடிட்டராகி 1962 வரை பஜாரில் இருந்தார்.

அதே 1936இல் சேர்ந்த இன்னொருவர் புகைப்படக்காரர் லூயிஸ் டால்-உல்ஃப். ஓவியம் படித்தவர். வண்ணப்படம் இன்னும் புதிதாக இருந்த காலத்தில் வண்ணத்தைப் பிடிவாதமாகச் சரிபார்த்து வாங்கியவர். மாடல்களைப் பாலைவனத்துக்கும் வெயிலுக்கும் கூட்டிக்கொண்டு போய் எடுத்தார். பஜாருக்கு 86 அட்டைப்படங்கள் எடுத்திருக்கிறார். அவற்றில் ஒன்று 1943 மார்ச் அட்டை. செஞ்சிலுவைச் சங்கத்தின் ரத்ததான அறைக் கதவுக்கு முன்னால் நேராகப் பார்த்தபடி நிற்கும் 18 வயதுப் பெண். யாருக்கும் தெரியாத அந்த முகத்தை ஹாலிவுட் இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸின் மனைவி அந்த அட்டையில் பார்த்துக் கணவரிடம் காட்டினார். அந்தப் பெண்தான் பின்னாளில் ஹாலிவுட் நட்சத்திரமான லாரன் பகால்.

பிறகு வந்தவர் ரிச்சர்ட் அவெடன். போர்க்காலத்தில் வணிகக் கப்பற்படையில் அடையாள அட்டைக்கான படங்கள் எடுத்துக்கொண்டிருந்த இளைஞர். புரோடோவிச்சின் வகுப்பில் படித்தார். முன்காச்சியின் ஓடும் பெண்களைப் பார்த்து வளர்ந்தவர் என்பது அவருடைய ஆரம்பகாலப் படங்களிலேயே தெரியும், அவற்றில் யாரும் சும்மா நிற்பதில்லை. இருபதுகளின் நடுவில் இருந்த அவரை ஸ்னோ 1947இல் பாரிஸ் காட்சிகளைப் படமெடுக்க அழைத்துப் போனார். அதற்கு 8 வருடம் கழித்து, பாரிஸின் ஒரு சர்க்கஸ் கூடத்தில், இரண்டு பக்கமும் யானைகள் நிற்க, நடுவில் டியோர் நிறுவனத்தின் கறுப்பு மாலை உடையில் டொவிமா என்ற மாடலை நிறுத்தி அவெடன் எடுத்த படம் இன்றும் ஃபேஷன் புகைப்படம் என்றதும் முதலில் காட்டப்படுவது.

உடையை மட்டும் அல்ல, எழுத்தையும் ஸ்னோ விடவில்லை. நன்றாக உடுத்திய பெண்ணுக்கு நன்றாக உடுத்திய மனமும் இருக்கும் என்று நினைத்து இதழ் நடத்தியவர் அவர். ட்ரூமன் கபோட்டியின் ஆரம்பகாலக் கதைகள் சில பஜாரில் வந்தன, கார்சன் மக்கல்லர்ஸ் எழுதினார். 1950களில் ஓவியர் ஆண்டி வார்ஹால் காலணிகளை வரைந்து கொடுத்தார், அவர் பெயர் உலகத்துக்குத் தெரிவதற்கு முன்னால்.

பாரிஸின் முன்வரிசை

எடிட்டர் பாரிஸ் போவதை உல்லாசப் பயணமாக நினைத்துவிட வேண்டாம். வருடத்துக்கு இரண்டு முறை, குளிர்காலத்திலும் கோடையிலும், பெரிய உடை நிறுவனங்கள் தங்கள் புதிய தொகுப்பைக் காட்டும். மாடல்கள் எண் எழுதிய அட்டையோடு வரிசையாக வருவார்கள். உட்கார்ந்து வரைய அனுமதி இல்லை, காப்பியடிப்பார்கள் என்ற பயம். எண்ணைக் குறித்துக்கொள்ளலாம், மற்றதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பிடித்த உடைகளைப் படப்பிடிப்புக்குக் கேட்டால் இரவில்தான் கிடைக்கும். பகலில் அவற்றை வாடிக்கையாளர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் காட்ட வேண்டியிருக்கும். இதழ் வெளிவர இன்னும் வாரக்கணக்கில் ஆகும். ஆக, இன்று பார்த்தது அப்போதும் புதிதாகத் தோன்றுமா என்று இன்றே ஊகிக்க வேண்டும்.

1947 பிப்ரவரி 12. கிறிஸ்டியன் டியோர் தன் பெயரில் காட்டிய முதல் தொகுப்பு. போர்க்காலத்தில் துணிக்குக் கட்டுப்பாடு இருந்ததால் பெண்களின் உடை சுருங்கி, தோள் சதுரமாகி, பாவாடை முழங்கால் பக்கம் ஏறியிருந்தது. டியோர் இறுக்கமான இடையும், கணுக்காலை நெருங்கும், கஜக்கணக்கில் துணி விழுங்கும் பாவாடையும் காட்டினார். அவர் அதற்குப் பூவிதழ் வட்டம் என்று பொருள்படும் ஒரு பெயரை வைத்திருந்தார். ஸ்னோவோ, உங்கள் உடைகளுக்கு ஒரு ‘நியூ லுக்’ இருக்கிறது என்று டியோரிடம் சொன்னார். அந்த இரண்டு சொற்கள் ஊர் முழுக்கப் பரவின. டியோர் வைத்த பெயரை இன்று துறைக்குள் இருப்பவர்கள்தான் சொல்வார்கள். ‘நியூ லுக்’ எல்லோருக்கும் தெரியும். பலரும் தயங்கித் தயங்கிப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒன்றுக்குச் சட்டென்று பெயர் கிடைத்தால் அது பேசப்படும் பொருளாகிவிடுகிறது. பெயர் வைப்பதும் எடிட்டர் தொழிலில் சேர்த்திதான்.

இன்னொரு பக்கம் அவர் கிறிஸ்டோபல் பாலென்சியாகா என்ற உடை வடிவமைப்பாளரை விடாமல் தூக்கிப் பிடித்தார். டியோர் இடையை இறுக்கினால், பாலென்சியாகா 1950களில் அதைத் தளர்த்திக்கொண்டே போனார். ஸ்னோ தானே அணிந்தது பெரும்பாலும் பாலென்சியாகாவின் உடைகளை. ஆனாலும் இதழில் இருவருக்கும் இடம் கொடுத்தார். தனக்குப் பிடித்தது ஒன்று, முக்கியமானது இன்னொன்று என்று பிரித்துப் பார்க்கும் பக்குவம் அவருக்கு இருந்தது.

தேர்ந்தெடுப்பவர் விட்டதையும் சொல்லியாக வேண்டும். பஜாரின் அந்த அழகான பக்கங்களில் இருந்த மாடல்கள் வெள்ளைக்காரப் பெண்கள். டோன்யேல் லூனா என்ற கறுப்பின மாடலின் உருவம் பஜார் அட்டையில் வந்தது 1965 ஜனவரியில், அதுவும் ஓவியமாக. ஸ்னோவின் காலம் முடிந்து ஏழெட்டு வருடத்துக்குப் பிறகு. முன்காச்சியையும் வ்ரீலண்டையும் யாரும் எதிர்பாராத இடத்திலிருந்து கண்டெடுத்த அந்தக் கண் இந்தப் பக்கம் திரும்பவில்லை. காலம் அப்படி, உரிமையாளர் அப்படி என்று சொல்லலாம். எனக்கு அது முழுப் பதிலாகப் படவில்லை. எதைப் போடுவது என்று முடிவு செய்பவர் ஒவ்வொரு இதழிலும் எதை விடுவது என்றும் முடிவு செய்துகொண்டுதான் இருக்கிறார்.

பிறகு நடந்தது

70 வயதை ஒட்டி, 1957இல், ஸ்னோவை ஓய்வுபெற வைத்தார்கள். எடிட்டர் நாற்காலி அவருடைய சகோதரர் மகள் நான்சி ஒயிட்டுக்குப் போனது. ஸ்னோ 1961 மே மாதம் நியூயார்க்கில் இறந்தார். புரோடோவிச் 1958இல் போய்விட்டார். வ்ரீலண்ட் 1962இல் வோக்குக்குப் போனார், சில வருடம் கழித்து அவெடனும் அங்கேயே போய்ச் சேர்ந்தார்.

டால்-உல்ஃப் விலகியதுதான் என் மனதில் நிற்கிறது. 22 வருடம் பஜாருக்குப் படம் எடுத்தவர். ஒருநாள் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோது, புதிதாக வந்த ஆர்ட் டைரக்டர் அவருடைய கேமராவுக்குப் பின்னால் போய், வியூஃபைண்டருக்குள் எட்டிப் பார்த்தார். ஸ்னோவும் புரோடோவிச்சும் அதைச் செய்ததே இல்லை. டால்-உல்ஃப் அதிக நாள் காத்திருக்கவில்லை, பஜாரை விட்டு வெளியேறிவிட்டார்.